கைவிடப்பட்ட வளர்ப்புப் பாம்பை எடுத்துத் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் வீட்டு மூலையில் போட்டுவிட்ட பாம்பை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பேசுவது கூண்டிலேயே பிறந்து வளர்ந்த, நஞ்சில்லாத பாம்புகளைப் பற்றி: பால் பைத்தான் (சின்ன மலைப்பாம்பு வகை), கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், போவா போன்றவை. காட்டில் பிடித்த பாம்புக்கும் நஞ்சுள்ள பாம்புக்கும் இது எதுவும் பொருந்தாது. அதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை.

எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா? எப்படி முடிவு செய்வது?

இரக்கம் வந்த அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் அந்த இனத்தை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பது. இரண்டாவது, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பது. நாய் பூனை மட்டும் பார்க்கிற மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்குப் போதாது. அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேறு யாரையாவது கைகாட்டிவிடுங்கள்.

மூன்றாவது, காலம். பால் பைத்தான் 20, 30 வருடம் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சியகத்தில் ஒரு பால் பைத்தான், வயது சுமார் 62 என்று கணிக்கப்பட்ட நிலையில், 2020-இல் முட்டையிட்டது. அது ஆண் பாம்போடு சேர்ந்தே பல வருடம் ஆகியிருந்தது. ஆக, இன்று நீங்கள் எடுத்துவரும் பாம்பு உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகிறபோதும் அதே அறையில் இருக்கலாம்.

போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து காய்ந்திருக்கிறதா? வெப்பம் எங்கிருந்து வருகிறது? அதைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் உண்டா? மூடியைத் திறந்ததும் என்ன வாடை அடிக்கிறது? பாதிக் கதை இதிலேயே தெரிந்துவிடும்.

நான் முதன்முதலாக எடுத்த பால் பைத்தான், துணி அடுக்குகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. கீழே விரித்திருந்த செய்தித்தாள் அடியோடு ஒட்டிப்போயிருந்தது. பாம்பின் முதுகுத்தண்டு ஓட்டுக்கூரையின் முகடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. நல்ல உடம்புள்ள பால் பைத்தானைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் வட்டமாக, அடியில் மட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்க வேண்டும். இதுவோ முக்கோணம். வளைந்து திரும்பிய இடத்தில் எல்லாம் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நின்றது. ஒரு கண்ணின் மேல் பழைய தோல் பால் படிந்த கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. தராசில் 610 கிராம். அந்த நீளமுள்ள பெண் பாம்பு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும்.

அப்புறம் வாய் ஓரத்தில் சிவப்போ, கட்டியான மஞ்சள் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். பாம்பின் சீழ் நீராக வடியாது, பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். அதனால் பலர் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வயிற்றுச் செதில்களில் பழுப்பாகவோ சிவப்பாகவோ தழும்பு இருந்தால் சூட்டுக்காயமாக இருக்கலாம். கட்டுப்பாடு இல்லாத சூட்டுப் பலகையோ சூட்டுக்கல்லோ எவ்வளவு கொதித்தாலும் பாம்பு பல நேரம் அதை விட்டு நகராமல் அங்கேயே படுத்துக்கிடக்கும்.

கொடுப்பவரிடம் கடைசியாக எப்போது இரை எடுத்தது, எப்போது சட்டை உரித்தது, என்ன இரை, உயிரோடா உறையவைத்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். நான் அப்படிக் கேட்டுத்தான் அந்த முதல் பாம்பின் விவரம் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காமல் போனது.

எப்படி எடுத்து வருவது?

தையல் பிரியாத பருத்தித் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயை முடிச்சுப் போட்டு, காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள் வையுங்கள். வண்டி வெயிலில் நிற்கக் கூடாது. வழியில் திறந்து பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முடிந்த அளவு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பெட்டி முன்கூட்டியே தயாராக, சூடு பிடித்து, ஒரு நாளாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாம்பு வந்த பிறகு தெர்மோஸ்டாட்டைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது.

பெட்டி அழகாக இருக்கத் தேவையில்லை. அடியில் வெள்ளை காகிதத் துவாலை, பாம்பு உடம்பு ஒட்டி நுழைகிற அளவில் இரண்டு மறைவிடங்கள் (சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று), கவிழாத தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான். வெள்ளைக் காகிதம் எதற்கென்றால் உண்ணி, இரத்தம், மலம் எது விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். மரத்தூள், செடி, பாறை அலங்காரமெல்லாம் சில மாதம் கழித்து. சிடார், பைன் மரத்தூள் எப்போதுமே வேண்டாம்.

அதன் பிறகு எடையை மட்டும் குறித்துக்கொண்டு, மூடிவிட்டு, வெளியே வந்துவிடுங்கள். தேற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கடைசியில் இரை. என்னிடம் வருகிற பாதிப் பிரச்சினைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வந்தவை.

எவ்வளவு சூடு வைப்பது?

இனத்தைப் பொறுத்தது. பால் பைத்தானுக்குச் சூடான மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த மூலை 25 முதல் 27, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான மூலை 29, 30 டிகிரி போதும், குளிர்ந்த பக்கம் 22, 24 வரை இறங்கலாம். ஈரப்பதமும் அதற்குக் குறைவாகவே போதும்.

பெட்டி முழுக்க ஒரே சூடாக வைப்பது பெரிய தவறு. பாம்புக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. எந்தப் பக்கம் போய்ப் படுப்பது என்று அது தானே தேர்ந்தெடுத்துத்தான் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். செரிமானம், நோய் எதிர்ப்பு, ஏற்றுகிற மருந்து வேலை செய்வது எல்லாமே அந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் வெப்பமானியை நம்ப வேண்டாம். கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, இரண்டு பக்கமும் வையுங்கள்.

பட்டினியாகக் கிடந்திருக்கிறதே, உடனே இரை கொடுக்கக் கூடாதா?

கூடாது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

பாம்பு இரை எடுப்பது நாம் சாப்பிடுவது போன்றதல்ல. பெரிய மலைப்பாம்புகளில் செய்த ஆய்வுகளில், இரை விழுங்கிய இரண்டு நாளுக்குள் இதயமே சுமார் 40 சதவீதம் பெரிதாவதையும், சிறுகுடலின் எடை கிட்டத்தட்ட இரு மடங்காவதையும் பார்த்திருக்கிறார்கள். சும்மா கிடந்த தொழிற்சாலையை ஒரே இரவில் முழுவேகத்தில் ஓட்டுவது மாதிரி. அதற்கான எரிபொருளை, இரையிலிருந்து எதுவும் கிடைப்பதற்கு முன்பே, பாம்பு தன் கையிருப்பிலிருந்து போட வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கிற பாம்பிடம் ஏது கையிருப்பு?

இன்னொரு ஆபத்தும் உண்டு. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால், இரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அளவு சரிந்துவிடும். தசை தளரும், இதயம் தடுமாறும். பட்டினி கிடந்த மனிதர்களுக்கும் இதே ஆபத்து இருப்பதால்தான் மருத்துவமனைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். "நன்றாகச் சாப்பிட்டது, மூன்றாம் நாள் செத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

என் பழக்கம் இது. சூடு சரியாகி, பாம்பு தானாகத் தண்ணீர் குடித்து, ஒரு வாரமாவது அமைதியாக இருந்த பிறகு முதல் இரை. உடல் எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே, மிக மெலிந்திருந்தால் 2, 3 சதவீதம். நான் சொன்ன 610 கிராம் பாம்புக்கு முதல் இரை 12 கிராம் எலிக்குஞ்சு ஒன்று. அவ்வளவு பெரிய பாம்புக்கு அது ஒரு கடலை மிட்டாய் மாதிரி. அதைச் செரித்து மலம் கழித்த பிறகுதான் அடுத்தது. இடைவெளி பத்து நாள். மூன்று, நான்கு இரைக்குப் பிறகு மெல்ல அளவைக் கூட்டினேன்.

இரையைக் கக்கிவிட்டால் உடனே இன்னொன்று கொடுக்கவே கூடாது. இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, வெப்பநிலையை மறுபடி சரிபார்த்து, பாதி அளவில் தொடங்குங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவர்.

தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருந்தால் பெரும்பாலான பாம்புகள் தாமே குடிக்கும். என் பாம்பு இரண்டாம் நாள் இரவு குடித்தது. முகவாயை நீரில் அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. தாடைக்குப் பின்னால் மட்டும் தோல் துடித்துத் துடித்து அடங்கியது. நாலைந்து நிமிடம் இருக்கும். நானும் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

குடிக்காவிட்டால் 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் விடலாம். நீர் பாம்பின் உடம்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. பலவீனமான பாம்பு கையளவு நீரிலும் மூழ்கும், ஆகவே பக்கத்திலேயே இருங்கள். கண் குழிந்து, வாய்க்குள் எச்சில் நூல் நூலாக இருந்தால் இதெல்லாம் போதாது. மருத்துவர் ஊசி வழியாக நீரேற்ற வேண்டும். மலத்தோடு வருகிற வெள்ளைக் கட்டியையும் கவனியுங்கள். வெள்ளையாக, மிருதுவாக இருந்தால் நல்லது. மஞ்சளாகக் கல் போல இருந்தால் நீர்ச்சத்துக் குறைவு.

பால் கொடுக்கலாமா?

வேண்டாம். பாம்புக்குப் பால் உணவல்ல, அதன் வயிறு அதற்கானதும் அல்ல. தாகத்தில் தவிக்கிற பாம்பு பாலையும் குடித்துவிடும், அதை வைத்து அதற்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பால் பைத்தான் என்ற பெயரைப் பார்த்துச் சிலர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள்: அங்கே பால் என்பது பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர்.

பழைய சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரித்துவிடலாமா?

இழுத்து உரிக்காதீர்கள், கீழே இருக்கிற புதுத் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை ஒரு டப்பாவில் போட்டு, பாம்பை அதற்குள் அரை மணி நேரம் நுழைந்து நெளிய விடுங்கள். துணியே வேலையைச் செய்துவிடும். முழுவதும் வராவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடி.

வால் நுனியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே பல சட்டைகளின் மிச்சம் வளையம் வளையமாக இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனி கருத்து உதிர்ந்துவிடும்.

கண் விஷயம் தனி. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கிற கண்ணாடி போன்ற செதில் ஒவ்வொரு சட்டையோடும் உரிய வேண்டும். உரியாமல் தங்கிவிட்டால் இடுக்கியோ ஒட்டுநாடாவோ எடுக்காதீர்கள். கை தவறினால் கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு வந்துவிடும். என் பாம்புக்கு இரண்டாவது சட்டையில்தான் வந்தது. உரிந்த சட்டையின் தலைப்பகுதியில் ஒரு பக்கக் கண் செதில் மட்டும் தடியாக, வெங்காயச் சருகு அடுக்கு மாதிரி இருந்தது. மூன்று சட்டைகளின் மிச்சம். இரண்டு முறைக்குப் பிறகும் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் முழுக்க நீலமாக மங்கியிருப்பது வேறு. அது சட்டை உரிக்கப்போவதன் அறிகுறி. அந்த நாட்களில் தொடவும் வேண்டாம், இரையும் வேண்டாம்.

கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஊர்கிறது. என்ன அது?

பாம்பு உண்ணி. மைட் என்பார்கள். கசகசா அளவில் இருக்கும். கண் ஓரம், தாடைக்கு அடியில் உள்ள மடிப்பு, செதில் இடுக்கு எல்லாம் அதற்கு வீடு. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கிண்ணத்தின் அடியில் மூழ்கிய கறுப்புத் துகள்கள் தெரியும்.

பாம்பின் மேல் இருப்பதைக் கொன்றால் வேலை முடிந்துவிடாது. உண்ணி முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல, பெட்டியின் இடுக்குகளில். வெதுவெதுப்பான இடத்தில் சுமார் இரண்டு வாரத்தில் முட்டை முழு உண்ணி ஆகிவிடும். ஆகவே மருந்து, பெட்டி கழுவுதல், காகிதம் மாற்றுதல் எல்லாம் ஐந்தாறு வாரம் விடாமல் நடக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும், வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தைத் தெளித்துப் பாம்பைக் கொன்றவர்கள் உண்டு. வீட்டில் ஆமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாம்புக்குச் சில சமயம் தருகிற ஐவர்மெக்டின் ஆமைக்கு எமன்.

வேறு பாம்புகளும் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தனியாக வைப்பது?

குறைந்தது மூன்று மாதம், வேறு அறையில். தினமும் உங்கள் பழைய பாம்புகளை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியில் தொடுங்கள். இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் தனி. ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் இதில் சலுகை கிடையாது.

மருத்துவரிடம் எப்போது?

எப்படியும் முதல் இரண்டு வாரத்தில் ஒருமுறை, முடிந்தால் புதிய மலத்தோடு. குடற்புழுவும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியும் சோதனையில்தான் தெரியும்.

அன்றைக்கே ஓட வேண்டியவை: வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது, சூட்டுக்காயம், வாய்ச் சீழ், மல்லாத்தினால் தானாகத் திரும்ப முடியாமை. மூச்சுக்கோளாறை "சளிதானே" என்று விடாதீர்கள். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. மருந்து மெதுவாகத்தான் உடம்பை விட்டுப் போகும் என்பதால் சில ஊசிகள் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும்.

இரையே எடுக்க மாட்டேன் என்கிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

நீங்களாகச் செய்யாதீர்கள். அது மருத்துவரின் கடைசி வழி. முதலில் சூடு, மறைவிடம், அமைதி மூன்றையும் பாருங்கள். இரை போதுமான சூடாக இருக்கிறதா? பைத்தான் இனங்கள் உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணர்பவை; 38 டிகிரி அளவில் இருக்கிற எலிதான் அவற்றுக்கு எலி. உறைந்ததை இரவு குளிர்பெட்டியில் இளக வைத்து, பையோடு சூடான நீரில் போட்டுச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வெடிக்கும்.

என் பாம்பு முதல் இரண்டு தடவை முகம் திருப்பிக்கொண்டது. மூன்றாம் தடவை விளக்கை அணைத்து, மறைவிட வாசலில் எலியை வைத்துவிட்டுப் போய்விட்டேன். காலையில் காணோம். நல்ல உடம்புள்ள பால் பைத்தான் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருப்பதும் சாதாரணம். ஆனால் ஏற்கெனவே மெலிந்த பாம்புக்கு அந்தச் சமாதானம் செல்லாது. எடை குறைந்துகொண்டே போனால் காத்திருக்காதீர்கள்.

உயிருள்ள எலியைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். பசியில்லாத பாம்பை எலி தின்னும். முதுகெலும்பு தெரிகிற அளவுக்குக் கடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சீறுகிறது, கடிக்க வருகிறது. பழகுமா?

பெரும்பாலும் பழகும். பயம்தான் காரணம். மூன்று இரை ஒழுங்காகச் செரிக்கும்வரை எடை பார்க்கவும் சுத்தம் செய்யவும் மட்டும் தூக்குங்கள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம். மேலிருந்து கையை இறக்காதீர்கள். அது பருந்து வருகிற திசை. பக்கவாட்டில், நடு உடம்பைத் தாங்கி எடுங்கள். இரை எடுத்து இரண்டு நாள் தொடக் கூடாது.

கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல் உடையும். வாயின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விட்டுவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கடியைவிட, வயிற்றுப்போக்கைத் தருகிற சால்மோனெல்லா என்ற கிருமிக்குப் பயப்படுங்கள். ஆரோக்கியமான பாம்பின் மலத்திலும் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கை கழுவச் சோப்பு போதும்.

எவ்வளவு செய்தாலும் தேறாத பாம்பு உண்டா?

உண்டு. போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் வருகிற ஐபிடி என்ற வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை. தலை வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொள்ளும், நிலை தடுமாறும். அப்போது மருத்துவர் கருணைக்கொலை என்று சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஸ்பைடர்' என்ற நிறவகைப் பால் பைத்தான்களின் தலையாட்டம் வேறு. அது பிறவிக் கோளாறு. குணமாகாது, ஆனால் பல பாம்புகள் அதோடு வாழ்ந்துவிடும்.

என்னால் முடியவில்லை என்றால் காட்டில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. ஒன்று அது சாகும், அல்லது அது மற்றவற்றைத் தின்று பெருகும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு செய்துவருவது இரண்டாவது வகை. ஊர்வன மீட்புக் குழுவிடமோ, உங்கள் மருத்துவர் கைகாட்டுபவரிடமோ எடைக் குறிப்பேட்டோடு ஒப்படையுங்கள்.

தேறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

வாரம் ஒருமுறை எடை, இரை, மலம், சட்டை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத மாற்றத்தை நோட்டு சொல்லும். தசை நிரம்பி முதுகு வட்டமாவதற்கு ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். என் நோட்டில் முதல் ஐந்து வாரம் 610, 604, 607, 606, 615 என்றுதான் இருக்கிறது. பதினான்காம் மாதம் 1,320. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வேறொன்றும் எழுதியிருக்கிறேன்: "சட்டை ஒரே துண்டாக வந்தது. இரண்டு கண்ணும் வால் நுனியும் இருக்கின்றன."